நூறு ஓட்டை போட்ட பாத்திரம்!

காப்பி பில்டரின் கதையும், அதை வீட்டிலேயே சீர் செய்யும் வழியும்

விடியற்காலை மணி ஐந்து.

மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோவில் மணி ஒலிக்கிறது. வாசலில் பால் பாக்கெட் வந்து விழுந்துவிட்டது. வீட்டுக்குள் ஒரு குரல் கேட்கிறது.

"என்ன, காப்பி ஆயிற்றா?"

"எங்கே! டிகாஷன் இன்னும் இறங்கவே இல்லை!"

மயிலாப்பூர் ஆகட்டும், தியாகராய நகர் ஆகட்டும், அடையாறு ஆகட்டும், இந்தப் பேச்சு கேட்காத வீடு குறைவு.

பாலில் குறை இல்லை. தூளும் நல்ல தூள்தான். பில்டர்தான் அடைத்துக் கொண்டிருக்கிறது.

வீட்டு அம்மாள் மூடியைத் திறந்து பார்க்கிறார். கரண்டிக் காம்பால் பக்கத்தில் தட்டுகிறார். அப்படியும் சொட்டு விழவில்லை. கடைசியில், தூளைக் கொட்டிவிட்டு, மேல் பாத்திரத்தை மட்டும் எடுத்து அடுப்புத் தீயில் காட்டுகிறார். "சூட்டிலே அடைப்பு விட்டுவிடும்" என்று மாமியார் சொல்லிக் கொடுத்த வழி அது.

எவர்சில்வர் பில்டராக இருந்தால் இதில் தவறு இல்லை. ஈயம் பூசிய பித்தளை பில்டராக இருந்தால்?

அங்கேதான் ஆபத்து இருக்கிறது! அது என்ன ஆபத்து என்பதைப் பிறகு பார்ப்போம். அதற்கு முன்பு, இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்து கொள்வது நல்லது.

நாலே நாலு உறுப்பு

காப்பி பில்டரில் மோட்டார் இல்லை. மின்சாரம் இல்லை. அதற்கு உள்ளவை நாலே நாலு உறுப்புகள்.

அடியில் ஓட்டைகள் உள்ள மேல் பாத்திரம் ஒன்று. டிகாஷனைப் பிடிக்கும் கீழ்ப் பாத்திரம் ஒன்று. தூளை அமுக்கும் 'குடை' ஒன்று. மேலே ஒரு மூடி. அவ்வளவுதான்.

வெந்நீர் தூளின் வழியாக மெல்ல இறங்குகிறது. போகிற போக்கில் தூளில் உள்ள சத்தையும் மணத்தையும் கரைத்துக் கொண்டு போகிறது. பூமியின் இழுப்பு சக்தி ஒன்றுதான் அதைக் கீழே இழுக்கிறது.

வறுத்த காப்பித் தூளில் ஏறக்குறைய 100-க்கு 30 பங்கு தண்ணீரில் கரையக் கூடியது. ஆனால் அந்த 30 பங்கும் வெளியே வந்துவிடக் கூடாது! 18 முதல் 22 பங்கு வரை கரைந்து வந்தால்தான் காப்பி நன்றாக இருக்கும் என்று நிபுணர்கள் கண்டிருக்கிறார்கள். அதற்குக் குறைந்தால் காப்பி சப்பென்று இருக்கும். அதற்கு மிஞ்சினால் நாக்கு சுருங்கும்படி கசக்கும்.

ஆகையால் தண்ணீர் சீக்கிரமாகவும் ஓடக் கூடாது. ஒரேயடியாக நின்றுவிடவும் கூடாது. இந்த வேகத்தைத் தீர்மானிப்பவை மூன்று: ஓட்டையின் அளவு, தூளின் நயம், குடையின் அழுத்தம்.

துணியில் வடிகட்டிய காலம்

பில்டர் இல்லாத காலத்தில் காப்பியை எப்படிப் போட்டார்கள்?

தூளைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்தார்கள். இறக்கி வைத்துத் தெளிய விட்டார்கள். பிறகு துணியில் வடிகட்டினார்கள். இன்றும் பில்டர் இல்லாத வீடுகளில் இதே முறைதான்.

காப்பி நம் நாட்டுப் பயிர் அல்ல. எத்தியோப்பியாவில் பிறந்து, அரபு நாட்டில் ஏமன் பகுதியில் வளர்ந்தது. முளைக்கக் கூடிய கொட்டையை வெளிநாட்டுக்குப் போகவிடாமல் அரபு வணிகர்கள் காத்து வந்தார்கள். 17-ம் நூற்றாண்டில் பாபா புதன் என்ற முஸ்லிம் பெரியவர் மெக்கா யாத்திரை போய்த் திரும்பும்போது ஏழு கொட்டைகளை மறைத்துக் கொண்டு வந்து, சிக்மகளூர் அருகே மலையில் விதைத்தார் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அந்த மலைக்கு இன்றும் பாபா புதன் கிரி என்றே பெயர்.

19-ம் நூற்றாண்டில் குடகு, நீலகிரி, ஏற்காடு மலைகளில் ஆங்கிலேயர்கள் பெரிய தோட்டங்கள் போட்டார்கள். பிறகு காப்பி மலையிலிருந்து இறங்கி, நம் வீட்டு அடுப்பங்கரைக்கு வந்து சேர்ந்தது.

வந்த புதிதில் அதற்கு எதிர்ப்பு இல்லாமல் இல்லை. "நீராகாரம் குடித்த உடம்பைக் காப்பி கெடுக்கிறது" என்று அங்கலாய்த்தவர்கள் பலர். அந்தக் கதையை வரலாற்று ஆசிரியர் ஆ.இரா.வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்.

மத குருவும் விஞ்ஞானியும்

ஓட்டைப் பாத்திரத்தின் வழியாகக் காப்பி வடிக்கும் முறை 1800-ம் ஆண்டை ஒட்டிப் பாரிஸ் நகரில் பரவியது. அந்த நகரின் தலைமைக் கிறிஸ்தவ குருவாக இருந்த டெ பெல்லுவா என்பவரின் பெயரால் அந்தப் பாத்திரம் வழங்கியது. இரண்டு அடுக்கு. நடுவே ஓட்டைத் தட்டு. நம் பில்டருக்கு அது பெரியப்பா முறை!

அதைத் திருத்தி அமைத்தவர் ரம்போர்டு பிரபு. அமெரிக்காவில் பிறந்து ஐரோப்பாவில் பேர் பெற்ற விஞ்ஞானி அவர். பீரங்கிக் குழாயைக் குடையும்போது உண்டாகும் சூட்டை ஆராய்ந்து, வெப்பம் என்பது ஒரு வகை அசைவே என்று எடுத்துக் காட்டியவர்.

அப்பேர்ப்பட்டவர் காப்பியைப் பற்றியும் ஆராய்ந்தார். 1812-ல் அதற்காக ஒரு தனிக் கட்டுரையே வெளியிட்டார். தூளைச் சமமாகப் பரப்பி அமுக்க வேண்டும். வடியும்போது சூடு ஆறக் கூடாது. ஆகவே பாத்திரத்தைச் சுற்றி வெந்நீர் இருக்க வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு.

நம் வீடுகளில் என்ன செய்கிறார்கள்? குடையை வைத்துத் தூளை அமுக்குகிறார்கள். குளிர் நாட்களில் பில்டரின் அடிப்பாகத்தை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைக்கிறார்கள். ரம்போர்டின் கட்டுரையைப் படிக்காமலேயே நம் பாட்டிமார் கண்டுபிடித்த உபாயம் அது!

வியத்நாம் நாட்டில் 'பின்' என்று ஒரு பில்டர் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் அங்கே போனது. அதற்கும் ஓட்டைத் தட்டு, அமுக்கும் தகடு, மூடி எல்லாம் உண்டு. பார்த்தால் நம் பில்டரின் தம்பி என்றே சொல்லத் தோன்றும்.

ஆணியும் மை ஒற்றும் தாளும்

வீட்டில் இருந்தபடியே ஒரு பெண் செய்த திருத்தம் உலகத்தையே சுற்றி வந்தது. அவர் பெயர் மெலிட்டா பென்ட்ஸ். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்துக் குடும்பப் பெண்.

அவர் போட்ட காப்பியில் எப்போதும் மண்டி தங்கியது. குடித்தால் நாக்கில் நெறுநெறுத்தது. ஒரு நாள் அவர் ஒரு பித்தளைப் பாத்திரத்தை எடுத்தார். அடியில் ஆணியால் ஓட்டைகள் போட்டார். மகனின் பள்ளிக்கூட நோட்டிலிருந்து மை ஒற்றும் தாளைக் கிழித்து உள்ளே வைத்தார். அதன் மேல் காப்பித் தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றினார்.

மண்டி இல்லாத தெளிந்த காப்பி இறங்கியது!

1908 ஜூன் 20-ந் தேதி பெர்லின் காப்புரிமை அலுவலகம் அவருடைய வடிகட்டியைப் பதிவு செய்தது. அந்த ஆண்டு டிசம்பரில் கம்பெனி தொடங்கினார். போட்ட முதல் 73 பென்னிக். நம் கணக்கில் சொன்னால் ஒரு ரூபாய் கூட நிறையாத சில்லறை போல. கணவரும் பிள்ளைகளும் உதவினார்கள். 1909-ல் லைப்சிக் சந்தையில் 1,200 வடிகட்டிகள் விற்றன. இன்று அவர் பெயரில் நடக்கும் கம்பெனி உலகம் எங்கும் வியாபாரம் செய்கிறது.

பறக்கும் விளையாட்டு வளையம் ஒன்றைச் செய்து பேர் பெற்ற ஆலன் ஆட்லர் என்ற அமெரிக்கர், 2005-ல் காற்றை அழுத்திக் காப்பி வடிக்கும் ஒரு குழாயைச் செய்து விற்பனைக்குக் கொண்டு வந்தார். ஒரு கோப்பை காப்பியை நன்றாகப் போட முடியவில்லையே என்ற குறைதான் அவரையும் தூண்டியது.

வறுத்தால் வாசனை தெரு முழுதும்

ஒரு காலத்தில் பில்டர் மட்டும் அல்ல, வறுக்கும் உருளையும் அரைக்கும் மிஷினும் வீட்டிலேயே இருந்தன.

கைப்பிடி போட்ட இரும்பு உருளை. அதற்குள் பச்சைக் கொட்டை. கீழே கரி அடுப்பு. ஒருவர் உட்கார்ந்து சுற்றிக் கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் கை அசந்தால் கொட்டை கருகிவிடும். வறுத்த கொட்டையை, பெஞ்சின் ஓரத்தில் திருகி வைத்த கை மிஷினில் போட்டு அரைப்பார்கள். அந்த வேலை பெரும்பாலும் வீட்டுப் பையன்கள் தலையில்தான் விழும்!

இன்று பலர் மறுபடியும் வீட்டில் வறுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். உருளை வேண்டியதில்லை. கனமான இரும்பு வாணலியும் மரக் கரண்டியும் போதும்.

நடுத்தரத் தீயில் கை ஓயாமல் கிளற வேண்டும். பச்சை நிறம் மஞ்சளாகும், மஞ்சள் பழுப்பாகும். பிறகு சோளம் பொரிவது போலப் 'பட் பட்' என்று வெடிக்கும். அது அடங்கியதும் நிறத்தைப் பார்த்து இறக்கிவிட வேண்டும். உடனே முறத்தில் கொட்டிப் புடைத்தால் சூடும் ஆறும். மேல் தோலும் பறந்துவிடும்.

ஒரு கிலோ பச்சைக் கொட்டை வறுத்த பிறகு 850 கிராமுக்குள்தான் நிற்கும். குறைந்தது ஈரம். ஆகையால் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம்! வறுத்த கொட்டையை ஒரு நாள் ஆற விட்டு அரைப்பது நல்லது. உள்ளே தங்கியுள்ள கரியமில வாயு வெளியேறினால்தான் வெந்நீர் தூளுக்குள் சீராக இறங்கும்.

சிக்கரி செய்யும் வேலை

மாட வீதியில் காப்பித் தூள் கடைக்குப் போனால், "சிக்கரி எவ்வளவு போடட்டும்?" என்று கேட்பார்கள்.

சிக்கரி என்பது ஒரு செடியின் வேர். அதைக் காயவைத்து வறுத்து அரைக்கிறார்கள். 1806-ல் நெப்போலியன் ஆங்கிலேய வணிகத்தைத் தடுத்தபோது ஐரோப்பாவில் காப்பிக்குப் பஞ்சம் வந்தது. அப்போது சிக்கரிக்கு யோகம் அடித்தது. நம் நாட்டில் குஜராத்தில் அது பயிராகிறது.

காப்பியைவிடச் சிக்கரி தண்ணீரில் அதிகமாகக் கரையும். டிகாஷன் கெட்டியாகும், நிறம் ஏறும். ஆனால் அது தண்ணீரை இழுத்து ஊறி உப்பும். சிக்கரி மிகுந்தால் பில்டர் அடைத்துக் கொள்வது அதனால்தான்.

கலப்புத் தூளில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். எவ்வளவு காப்பி, எவ்வளவு சிக்கரி என்று பாக்கெட்டின் மேல் அச்சிட்டிருக்க வேண்டும். வாங்குமுன் படித்துப் பாருங்கள்.

வீட்டிலும் சோதிக்கலாம். ஒரு கண்ணாடித் தம்ளரில் குளிர்ந்த தண்ணீர் எடுத்து, மேலே ஒரு சிட்டிகை தூளைத் தூவுங்கள். காப்பித் தூள் மிதக்கும். சிக்கரி பழுப்புக் கோடு விட்டபடி அடியில் போய்விடும்.

ஈயம் உருகும்!

இப்போது அந்த ஆபத்துக்கு வருவோம்.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. காப்பியில் இலேசான புளிப்பு உண்டு. புளிப்புப் பட்டால் பித்தளை களிம்பு பிடிக்கும். அதைத் தடுக்கவே உள்ளே ஈயம் பூசினார்கள்.

"ஈயம் பூசறது! பாத்திரத்துக்கு ஈயம் பூசறது!" என்ற குரல் முன்பு தெருத்தெருவாகக் கேட்கும். துருத்தியும் நவச்சாரமும் பஞ்சுமாக வாசலில் உட்கார்ந்து, கறுத்த பாத்திரத்தை வெள்ளி போல ஆக்கிக் கொடுப்பார்கள்.

பூச வேண்டியது வெள்ளீயம். அது 232 டிகிரி சூட்டில் உருகிவிடும். பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும் வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் இல்லாமல் தீயில் காட்டினால் சில நிமிடங்களில் பூச்சு உருகி வழியும். ஈயச் சொம்பில் ரசம் வைப்பவர்களுக்கு இது தெரியும். சொம்பை வெறுமையாக அடுப்பில் வைக்க அவர்கள் துணிய மாட்டார்கள். பில்டர் விஷயத்தில் மட்டும் மறந்துவிடுகிறார்கள்!

உருகிய ஈயம் ஓட்டைகளை அடைக்கும். பூச்சு போன இடத்தில் பித்தளை தலைகாட்டும். அடைப்பை எடுக்கப் போய், அடைப்பையும் களிம்பையும் சேர்த்து வாங்கிக் கொண்ட கதை ஆகும்.

அதைவிடப் பெரிய ஆபத்து காரீயம். அது விலை மலிவு. பூச்சில் அதைக் கலந்தால் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். காரீயம் விஷம். மெல்ல மெல்ல உடம்பில் சேரும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். 'இந்த அளவு வரை தீங்கு இல்லை' என்று சொல்லக் கூடிய அளவே அதற்குக் கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து.

பழைய பில்டர்களின் பற்றவைப்பிலும் காரீயம் கலந்திருப்பது உண்டு. வீட்டில் ரேடியோ ரிப்பேர் பழகும் பிள்ளைகள், "அம்மா, பில்டர் ஒழுகுகிறதா? நான் ஒட்டித் தருகிறேன்!" என்று கிளம்புவார்கள். ரேடியோவுக்குப் பற்றவைக்கும் கம்பியில் வழக்கமாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காரீயம் இருக்கும். அதைக் காப்பிப் பாத்திரத்தில் வைக்கவே கூடாது.

பித்தளை பில்டர்கள் இப்போது மறுபடியும் கடைகளுக்கு வந்திருக்கின்றன. வாங்குகிறவர்கள், உள்ளே பூச்சு உண்டா, அது வெள்ளீயமா என்று கேட்டு வாங்க வேண்டும். பாட்டி காலத்து பில்டரின் பூச்சைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் அதை அலமாரியில் அழகுக்கு வைத்துவிட்டு, எவர்சில்வரில் காப்பி போடுவதே மேல். பாட்டியின் மேல் உள்ள பாசம் அதனால் குறைந்துவிடாது.

வீட்டு வைத்தியம்

பில்டரின் நோய்களுக்கு வீட்டிலேயே மருந்து உண்டு.

1. மேல் பாத்திரத்தில் தண்ணீர் நிற்கிறது, ஓட்டையும் சுத்தம், ஆனால் இறங்கவில்லை. அப்படியானால் அடைப்பு காற்றில் இருக்கிறது! மேலும் கீழும் இறுகப் பொருந்தினால் கீழே உள்ள காற்று வெளியேற வழி இல்லை. காற்று போனால்தான் டிகாஷன் வரும். துணியால் பிடித்து இலேசாகத் திருகித் தளர்த்தினால் உடனே சொட்டும்.

2. ஓட்டை அடைத்திருந்தால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நட்சத்திரம் போல எல்லா ஓட்டையும் தெரிய வேண்டும். வெந்நீரில் ஊறவைத்து, மெல்லிய தூரிகையால் அடிப்பக்கம் இருந்து தேயுங்கள். ஊசியால் குத்தினால் ஓட்டை பெரிதாகும். பிறகு தூள் இறங்கும்.

3. ஓட்டை பெரிதாகிவிட்டால் பில்டரைத் தூக்கி எறிய வேண்டாம். கஞ்சி போடாத, சுத்தமான மெல்லிய பருத்தித் துணியையோ, கடையில் விற்கும் காப்பி வடிதாளையோ வட்டமாக வெட்டி அடியில் போடுங்கள். வடிதாள் காப்பியின் எண்ணெயையும் பிடித்துக் கொள்ளும். கொலஸ்ட்ரால் உள்ளவர்களுக்கு அது நல்லது. பழைய செய்தித்தாளை மட்டும் வெட்டிப் போடாதீர்கள். அச்சு மை வயிற்றுக்கு ஆகாது. செய்தித்தாள் படிப்பதற்கு!

4. வெள்ளையாக உப்புப் படிந்தால், அது தண்ணீரின் குற்றம். அடையாறு, பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் ஆழ்குழாய்த் தண்ணீரில் உப்பு ஏறுவது உண்டு. அந்தத் தண்ணீரில் காப்பியின் இனிய புளிப்பு அடிபட்டுச் சப்பென்று ஆகிவிடும். எவர்சில்வர் பில்டரை எலுமிச்சைச் சாறு கலந்த வெந்நீரில் ஊறவைத்தால் படிவு கரையும். காப்பிக்குக் குடிதண்ணீரையே பயன்படுத்துங்கள். 2003-ல் எல்லாக் கட்டிடங்களுக்கும் மழை நீர் சேமிப்பு கட்டாயமானது. உங்கள் வீட்டு மழை நீர்க் குழாய் அடைபடாமல் இருந்தால், நிலத்தடி நீருக்கு அதுவும் ஒரு பில்டர்தான்!

5. மூன்று பேருக்கு 20 கிராம் தூள், 150 மில்லி தண்ணீர் போதும். தண்ணீர் கொதித்ததும் இறக்கி, அரை நிமிடம் பொறுங்கள். முதலில் தூள் நனையும் அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். இன்னும் அரை நிமிடம் கழித்து மீதியை ஊற்றி மூடுங்கள். தூள் கொஞ்சம் தண்ணீரைக் குடித்துக் கொள்ளும். சுமார் 110 மில்லி டிகாஷன் கிடைக்கும்.

6. கால் மணி முதல் இருபது நிமிடத்தில் இறங்கினால் சரி. ஐந்து நிமிடத்தில் ஓடிவிட்டால் தூள் கரகரப்பு. அரை மணி ஆகியும் இறங்காவிட்டால் தூள் மிக நயம், அல்லது குடையை அழுத்தியது அதிகம்.

பெயர் தெரியாத விஞ்ஞானிகள்

மெலிட்டா பென்ட்ஸின் பெயர் உலகத்துக்குத் தெரியும். காப்புரிமை அலுவலகத்தில் அது பதிவாகிவிட்டது.

தூளுக்கு அடியில் ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டால் டிகாஷன் திடமாக இறங்கும் என்று முதலில் சொன்ன அம்மாள் யார்? பில்டரை வெந்நீரில் வைத்துச் சூடு காத்தவர் யார்? அவர்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. விடியற்காலையில் மற்றவர்கள் தூங்கும்போது எழுந்து, கண்டுபிடித்ததை மகளுக்கும் மருமகளுக்கும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் சொன்னதில் நல்லதை வைத்துக் கொள்வோம். வெறும் பாத்திரத்தைத் தீயில் காட்டும் பழக்கத்தைப் போல், காலத்துக்கு ஒவ்வாததை விட்டுவிடுவோம்.

நாளைக் காலையில் டிகாஷன் இறங்காவிட்டால் அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம். பில்டரைத் துணியால் பிடித்து, மெல்ல ஒரு திருகு திருகுங்கள்.

சொட்டு விழும் சத்தம் கேட்கும்!